கடலில் ஒரு குடித்தனம்

நீலக் கடல். வெள்ளை மணல். தண்ணீரைத் தொட்டுவிடுவது போல் சாய்ந்து நிற்கும் தென்னை மரங்கள். கரைக்குச் சற்றுத் தள்ளி ஒரு பாய்மரப் படகு.

இந்தப் படத்தை நீங்கள் காலண்டரில் பார்த்திருப்பீர்கள்.

பார்த்தவுடன் மனதில் என்ன தோன்றுகிறது? "ஆகா! இங்கே போய்விட்டால் வாடகை இல்லை, பஸ் நெரிசல் இல்லை, அதிகாரியின் கோபம் இல்லை. மீனைப் பிடித்துத் தின்றுகொண்டு, நிம்மதியாகக் காலம் கழிக்கலாம்" என்று தோன்றுகிறது அல்லவா?

அப்படி நினைத்துப் புறப்பட்டவர்கள் மெய்யாகவே இருக்கிறார்கள். ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் வீட்டை விற்றுப் படகு வாங்குகிறார்கள். கணவன், மனைவி, சில சமயம் குழந்தைகள், எல்லோரும் அதிலேயே குடியேறுகிறார்கள். தீவு தீவாகச் சுற்றுகிறார்கள்.

அவர்களில் சிலர் பல வருடங்கள் இன்பமாக வாழ்கிறார்கள். சிலர் படகைப் பாதி வழியில் விற்றுவிட்டு ஊர் திரும்புகிறார்கள். படகோடு சேர்த்துக் கல்யாண வாழ்க்கையையும் முறித்துக்கொண்டவர்கள் உண்டு.

காரணம் என்ன? புயலா? சுறா மீனா?

இல்லை. பெரும்பாலும் தண்ணீர்க் குடமும் அடுப்பும்தான் காரணம் என்பது என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன்.

மனைவி கேட்ட கேள்வி

சில மாதங்களுக்கு முன்பு படகு வாழ்க்கையைப் பற்றி ஒரு புத்தகம் படித்தேன். படித்த உற்சாகத்தில், "நாமும் இப்படிப் போனால் என்ன?" என்று மனைவியிடம் கேட்டேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமலே, "போகலாம். இந்த வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர் செலவாகிறது, சொல்லுங்கள்" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை.

"காஸ் சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது?"

அதுவும் தெரியவில்லை.

"பிறகு எப்படிப் படகில் குடித்தனம் நடத்துவீர்கள்?" என்றாள்.

விளையாட்டாகக் கேட்டாளோ, வினையாகக் கேட்டாளோ, அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதன் பிறகு அந்தப் புத்தகத்தை இன்னொரு முறை படித்தேன். முதல் தடவை நான் தாண்டிப்போன பக்கங்களெல்லாம் இப்போது கண்ணில் பட்டன.

ஆளுக்கு அரைக் குடம்

பசிபிக் மகா சமுத்திரத்தின் தென் பகுதியில் மார்க்கசஸ், துவாமோட்டு, தாஹிட்டி, டோங்கா என்று ஏராளமான தீவுகள் இருக்கின்றன. கரும்புத் தோட்ட வேலைக்கு நம் ஊர்க்காரர்கள் கப்பல் ஏறிப்போன பிஜியும் அந்தப் பக்கம்தான். படகுக் குடும்பங்கள் அதிகமாகச் சுற்றும் இடம் இது.

அமெரிக்கப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் காலபகோஸ் தீவுகளில் கடைசியாகச் சாமான் வாங்குகிறார்கள். அங்கிருந்து மார்க்கசஸ் தீவுகள் சுமார் 3,000 கடல் மைல். அதாவது 5,500 கிலோமீட்டர். பாய்மரப் படகு போவது சைக்கிள் வேகத்தில்தான். இரவும் பகலும் ஓடினாலும் மூன்று, நான்கு வாரம் ஆகும். நடுவில் ஒரு திட்டு நிலம் கூடக் கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். படகின் தொட்டியில் 400 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. ஆள் இரண்டு பேர். பயணம் 25 நாள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 லிட்டர். நம் வீட்டுக் குடத்தில் ஏறக்குறைய அரைக் குடம்.

குடிக்க, சமைக்க, பல் தேய்க்க, எல்லாவற்றுக்கும் அதுதான். காற்று நின்றுபோய்ப் பயணம் நீண்டால், அதுவும் குறையும்.

ஆகையால் பாத்திரங்களைக் கடல் நீரில் தேய்க்கிறார்கள். கடைசியாக ஒரு கிண்ணம் நல்ல தண்ணீர் விட்டு அலசுகிறார்கள். கடல் நீரில் குளித்துவிட்டு ஒரு செம்பு நல்ல தண்ணீரை உடம்பில் ஊற்றிக்கொள்கிறார்கள். துணியை மட்டும் அப்படிச் செய்ய முடியாது. உப்பு ஏறிய துணி காயவே காயாது. வெயிலில் காய்ந்தது போலிருக்கும். இரவில் காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடியும் நசநசக்கும். அதைக் கட்டிக்கொண்டால் தோலில் புண் வரும்.

மழை வந்தால் கொண்டாட்டம். படகின் மேல் துணிப்பந்தலைக் கட்டி மழை நீரைப் பிடிக்கிறார்கள். முதலில் விழும் நீரில் துணியில் படிந்த உப்பு கரைந்து வரும். அதைக் கீழே விட்டுவிட்டு, பிறகு வருவதைத் தொட்டிக்குள் திருப்புகிறார்கள்.

"இப்போதுதான் கடல் நீரைக் குடிநீராக்கும் யந்திரம் வந்துவிட்டதே!" என்று கேட்பீர்கள். வந்திருக்கிறது. பல படகுகளில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த யந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்குச் சூரியத் தகடு வேண்டும், பாட்டரி வேண்டும். யந்திரத்தின் பம்பு கெட்டுப்போனால், அந்தத் தீவில் அதற்கு உதிரி பாகம் கிடைக்காது. சரக்குக் கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே யந்திரம் வைத்திருப்பவர்களும் தொட்டியை நிரப்பித்தான் வைத்திருக்கிறார்கள்.

அடுப்பங்கரையின் ஆட்டம்

படகு ஒரு நிமிடம் கூடச் சும்மா நிற்பதில்லை. ஆடும், சாயும், தூக்கிப்போடும். அதற்குள் சமைக்க வேண்டும்.

அதற்காகப் படகு அடுப்பை ஊஞ்சல் போல் தொங்கவிட்டிருப்பார்கள். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடுப்பு நேராக இருக்கும். சமைக்கிறவர்தான் சாய்வார்! இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கிளற வேண்டும்.

காஸ் அடுப்பில் இன்னோர் ஆபத்து இருக்கிறது. அடுப்பு காஸ் காற்றை விடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவு வழியாக வெளியேற இடம் உண்டு. படகின் வயிறோ மூடிய தொட்டி போன்றது. கசிந்த காஸ் அடியில் போய்த் தங்கிவிடும். ஒரு பொறி போதும், படகு வெடித்துவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் சமைத்து முடித்தவுடன் சிலிண்டரின் வாயை அடைக்கிறார்கள்.

சாமான் வாங்குவதும் ஒரு கலைதான். அட்டைப் பெட்டியைப் படகுக்குள் ஏற்றமாட்டார்கள். அதன் மடிப்புகளில் கரப்பான் பூச்சியின் முட்டை இருக்கும். படகில் ஒரு தடவை கரப்பான் குடியேறினால், பிறகு விரட்டுவது கடினம். முட்டையைக் கழுவாமல் வாங்குகிறார்கள். கழுவினால் ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு போய்விடும். கழுவாத முட்டையைச் சில நாளைக்கு ஒரு முறை திருப்பி வைத்தால், ஐஸ் பெட்டி இல்லாமலே பல வாரம் கெடாது.

வாழைத்தாரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். ஆனால் வாழைத்தார் என்ன செய்யும் தெரியுமா? பத்து நாள் காயாகவே இருந்துவிட்டு, ஒரே நாளில் எல்லாம் பழுத்துவிடும். அப்புறம் காலையில் வாழைப்பழம், மத்தியானம் வாழைப்பழம், இரவிலும் வாழைப்பழம்தான்.

கனடாவைச் சேர்ந்த லாரி பார்டி என்பவர், 24 அடி நீளமுள்ள 'செராஃபின்' என்ற படகைத் தம் கையாலேயே கட்டினார். அதில் எஞ்சின் கிடையாது. அவரும் அவர் மனைவி லின் பார்டியும் அதில் பல வருடங்கள் உலகைச் சுற்றினார்கள். ஜப்பானிலிருந்து கனடாவுக்கு 49 நாள் பயணம் செய்தபோது, தினமும் என்ன சமைத்தேன், எப்படிச் சமைத்தேன் என்று லின் எழுதி வைத்தார். அது 1980-ல் புத்தகமாக வந்தது. படகுக்காரர்கள் அதை இன்றும் தேடிப் படிக்கிறார்கள். புயலைப் பற்றிய புத்தகத்துக்கு எவ்வளவு மதிப்போ, அவ்வளவு மதிப்பு இதற்கும் உண்டு.

தூக்கம் இல்லாத இரவுகள்

நடுக்கடலில் படகை நிறுத்திவிட்டுத் தூங்க முடியாது. அங்கே நங்கூரம் தரையைத் தொடாது. ஆகவே இருவரில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். மூன்று மணி நேரம் ஒருவர், அடுத்த மூன்று மணி நேரம் மற்றவர். இப்படியே மூன்று, நான்கு வாரம். கணவனும் மனைவியும் ஒரே படகில் இருப்பார்கள். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது சாப்பிடும்போதுதான்.

தீவு வந்துவிட்டால் தூக்கம் வருமா? அங்கேயும் ஒரு கண்டம் காத்திருக்கிறது. துவாமோட்டுத் தீவுகள் மலை இல்லாத பவள வளையங்கள். நடுவில் குளம் போல் கடல். உள்ளே போக வளையத்தில் ஒரு சந்துதான் இருக்கும். அதன் வழியாக நீர் ஆறு போல் பாயும். நீரோட்டம் தணியும் நேரம் பார்த்து நுழைய வேண்டும். சூரியன் உச்சியில் இருக்கும்போது ஒருவர் படகின் முனையில் நின்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்துச் சொல்கிறார். கரு நீலம் என்றால் ஆழம். இளம்பச்சை என்றால் ஆழம் குறைவு. பழுப்பு என்றால் பாறை!

பவளப்பாறை யாரையும் மன்னிக்காது. பெர்னார் முவாத்தெசியே என்ற பிரெஞ்சுக்காரர் பேர்பெற்ற மாலுமி. அவர் 1952-ல் நம் இந்துமகா சமுத்திரத்தில் தனியாக வந்துகொண்டிருந்தார். தான் இருக்கும் தீர்க்கரேகை அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. மாலத்தீவுக்குத் தெற்கேயுள்ள டியாகோ கார்சியா தீவின் பாறையில் மோதி, படகை இழந்தார். இன்று செயற்கைக்கோள் கருவி இடத்தைச் சொல்லிவிடுகிறது. ஆனால் எட்டாத தீவுகளின் வரைபடத்தில் எல்லாப் பாறைகளும் இல்லை. கண்தான் கடைசிக் காவல்.

நங்கூரம் போட்ட பிறகும், நள்ளிரவில் காற்றுத் திரும்பினால் எழுந்து பார்க்க வேண்டும். நங்கூரம் நழுவினால், அரை மணி நேரத்தில் படகு பாறையில் கிடக்கும். பவளத்தில் சிறு கீறல் பட்டாலும், அந்த வெக்கையில் சீழ் வைத்துவிடும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே புயல் காலம். அதற்குள் நியூசிலாந்துக்கோ வேறு பத்திரமான இடத்துக்கோ போய்ச் சேர வேண்டும். நினைத்தபடி தங்கலாம் என்பதெல்லாம் காலண்டர் படத்தோடு சரி.

கக்கூஸ் அடைத்தால் யார் திறப்பது?

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் படகு வாழ்க்கையின் உண்மை இதில்தான் இருக்கிறது.

படகின் கழிவறையில் கடல் நீரைக் கையால் பம்பு அடிக்க வேண்டும். கடல் நீரும் சிறுநீரும் கலந்து, குழாய்க்குள் சுண்ணாம்பு போல் உப்புப் படியும். வழி வரவரக் குறுகும். ஒரு நாள் அடைத்துக்கொள்ளும். அந்தக் குழாயை யாராவது கழற்றித்தான் ஆக வேண்டும். கூலிக்கு ஆள் கிடைக்காது.

உப்பு, குழாயை மட்டுமா அரிக்கிறது? கயிறு, கம்பி, விளக்கு, பம்பு, எல்லாவற்றையும் அரிக்கிறது. "அழகான ஊர்களாகப் பார்த்துப் படகை ரிப்பேர் செய்வதுதான் எங்கள் பிழைப்பு" என்பது படகுக்காரர்களிடையே வழங்கும் வேடிக்கைப் பேச்சு.

கரையில் ஓர் ஆண், வீட்டு வேலை என்றால் என்னவென்று தெரியாமலே அறுபது வயது வரை வாழ்ந்துவிடலாம். சோறு வரும், தண்ணீர் வரும், வெள்ளை வேட்டி வரும். எப்படி வந்தது என்று அவன் கேட்பதில்லை. படகில் அப்படி ஒளிந்துகொள்ள இடமில்லை. முப்பது அடி நீளத்துக்குள் எல்லா வேலையும் கண்ணெதிரில் கிடக்கிறது.

அப்படி இருந்தும், "பாயும் சுக்கானும் என் வேலை, அடுப்பும் துணியும் உன் வேலை" என்று பிரித்துக்கொள்கிற தம்பதிகள் அங்கும் உண்டு. அது பெருந்தவறு என்று நான் சொல்வேன்.

ஒரு நிமிடத்தில் 150 மீட்டர்

ஏன் தவறு? ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள்.

கணவன் பாயைச் சரிசெய்ய மேலே போகிறான். கால் வழுக்கிக் கடலில் விழுகிறான். படகு ஓடிக்கொண்டே இருக்கிறது. சாதாரண வேகத்தில் ஒரே நிமிடத்தில் 150 மீட்டர் தள்ளிப் போய்விடும். அலைகளுக்கு நடுவே மனிதத் தலை ஒரு தேங்காய் அளவுதான் தெரியும்.

மனைவி அடுப்பங்கரையிலிருந்து ஓடி வருகிறாள். அவளுக்குப் பாயை இறக்கத் தெரியுமா? படகைத் திருப்பத் தெரியுமா? ரேடியோவில் உதவி கேட்கத் தெரியுமா? தெரிந்தால் அவன் பிழைக்க வழி உண்டு. "அதெல்லாம் உனக்கு எதற்கு?" என்று அவன் சொல்லி வைத்திருந்தால், அந்தச் சொல்லே அவனுக்கு எமன்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மனைவி காய்ச்சலில் படுத்துவிட்டாள். தண்ணீர் எவ்வளவு மீதி இருக்கிறது, மருந்து எந்தப் பெட்டியில் இருக்கிறது, அரிசி எத்தனை நாள் வரும் என்று கணவனுக்குத் தெரியாது. அவன் எவ்வளவு பெரிய மாலுமியாக இருந்து என்ன பயன்?

எரிக் ஹிஸ்காக், சூசன் ஹிஸ்காக் என்ற ஆங்கிலத் தம்பதிகள் 1952 முதல் 1955 வரை, 30 அடிப் படகில் உலகைச் சுற்றி வந்தார்கள். அப்போது செயற்கைக்கோள் இல்லை. எரிக்குக் கண்பார்வையும் குறைவு. படகில் இருந்ததே இரண்டு பேர்தான். சூசனுக்குப் படகோட்டத் தெரியாமல் இருந்திருந்தால் அந்தப் பயணம் நடந்திருக்குமா?

தீவுக்காரர்களின் குடம்

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தீவுகள் வெறும் படம் அல்ல. அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள்.

துவாமோட்டுத் தீவுகளில் ஆறு கிடையாது. கூரையில் விழும் மழை நீரைத் தொட்டியில் சேர்த்துத்தான் மக்கள் குடிக்கிறார்கள். தன் கணக்குத் தவறியதற்காக, அவர்களிடம் போய்க் குடத்தை நீட்டுவது நியாயமா? பவளத்தின் மேல் நங்கூரம் போட்டால், வருடக்கணக்கில் வளர்ந்தது நொடியில் நொறுங்கும். உள்கடலில் கழிவைத் திறந்துவிட்டால், அந்த ஊர்க் குழந்தைகள் குளிக்கும் தண்ணீர் அசுத்தமாகும். நல்ல படகுக்காரர்கள் மணலாகப் பார்த்து நங்கூரம் போடுகிறார்கள். கழிவைத் தொட்டியில் சேர்த்து வைத்து, வெளிக்கடலில் போய் விடுகிறார்கள்.

தீவுக்காரர்களை மதிப்பது மரியாதைக்காக மட்டும் அல்ல. உயிருக்காகவும்தான். பவளப்பாறை மீன்களில் சிலவற்றில் ஒரு விஷம் சேர்ந்திருக்கும். பாறையில் வளரும் நுண்ணிய பாசியிலிருந்து சிறு மீனுக்கும், அதிலிருந்து பெரிய மீனுக்கும் அது போகிறது. வாசனை இல்லை. வேகவைத்தாலும் போகாது. 1774-ல், இன்று வனுவாட்டு என்று பெயர் பெற்றிருக்கும் தீவுகளில், காப்டன் குக்கின் கப்பல் ஆட்கள் மீன் தின்று இப்படித்தான் துன்பப்பட்டார்கள். ஒரு தீவில் நல்ல மீன், பக்கத்துத் தீவில் விஷமாக இருக்கும். எந்த மீன் ஆகும், எது ஆகாது என்று அந்த ஊர் மீனவருக்குத்தான் தெரியும். அவரைக் கேட்காமல் உலை வைக்கக் கூடாது.

போகலாமா?

அப்படியானால் படகு வாழ்க்கையே வேண்டாம் என்கிறேனா? இல்லை.

ஆசை இருப்பவர்கள் போகட்டும். ஆனால் ஓய்வு தேடிப் போகிறோம் என்று நினைத்துப் போக வேண்டாம். போவது குடித்தனம் நடத்தத்தான். கரையில் இருப்பதை விடக் கண்டிப்பான குடித்தனம் அது. இருவரும் விரும்பினால் மட்டுமே போக வேண்டும். ஒருவர் ஆசைக்கு மற்றவரை இழுத்துப் போனால், பாதி வழியில் படகு விற்பனைக்கு வரும். எல்லா வேலையும் இருவருக்கும் தெரிய வேண்டும். தம் தண்ணீரையும் தம் கழிவையும் தாமே சுமக்க வேண்டும்.

இதற்குத் தயாரானவர்களுக்குக் கடல் எவ்வளவோ தருகிறது. பிடித்த மழை நீரில் போட்ட ஒரு குவளை தேநீர் அவர்களுக்கு அமிர்தமாக இருக்கிறது. விடியற்காலையில், மூன்று வாரம் கழித்து, மார்க்கசஸ் மலை கண்ணுக்குத் தெரியும்போது, பச்சை இலையின் மணம் முதலில் காற்றில் வருமாம். அந்த மணத்துக்காகவே போகலாம் என்கிறார்கள்.

நான் போகவில்லை. ஆனால் மனைவியின் கேள்விக்கு விடை கண்டுபிடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில் உட்கார்ந்து எண்ணினேன். எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு ஒரு நாள் செலவு 22 குடம். கீழேயுள்ள அடி பம்பிலிருந்து அதை மாடிக்குக் கொண்டுவர வேண்டும். அன்று நான் தூக்கியது இரண்டு குடம்.

மறுநாளிலிருந்து பத்துக் குடம் என் பங்கு. கடலுக்குப் போவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம் என்று மனைவி சொல்லியிருக்கிறாள்.